ஐந்தாம் சீலமும் வெற்றிலைத் தட்டும்



மும்மணிகளைச் சரணடைந்து பஞ்சசீலம் ஏற்குந்தோறும் நாம் ஐந்தாவதாக ஓர் உறுதி கூறுகின்றோம். சுரை, மேரயம், மஜ்ஜம் ஆகியவற்றினின்றும் விலகி நிற்போம் என்பதே அவ்வுறுதி. மாவும் சோறும் கொண்டு ஆக்கிய மது சுரையாம். பூ, பழம், தேன், வெல்லம் ஆகியவற்றினின்றும் ஊறிய மது மேரயமாம். மயக்கந் தருவது எதுவோ அது மஜ்ஜம். இவற்றை ஏன் விலக்க வேண்டும் என்பதற்குரிய காரணமும் அச்சீலத்துக்குள்ளேயே அமைந்திருக்கின்றது. அவை ‘பமாதத்துக்கு’ இடமாவன என்பதே அக்காரணம். பமாதமாவது விழிப்பின்மை, அறிவுச் சோர்வு. வள்ளுவர் ‘பொச்சாவாமை’ என்று தனி அதிகாரம் வகுத்து உரைத்ததும், பகவான் பரிநிப்பானம் எய்துமுன் இறுதியாக வற்புறுத்தியதும் இவ்விழிப்புடைமையையே.

இனி, அந்தமான் தீவில் அபர்டீன் பஜாரில் வாழும் நம் அன்பர்கள் பலர் மனத்தில் எழும் ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். “நாங்கள் கள்ளும் சாராயமும் விட்டுவிட்டோம். ஆனால் வெற்றிலை பாக்கு இயற்கை தந்த பொருளன்றோ? இலையும் காயும் மண்ணில் விளைந்தவை. அவற்றைக் காய்ச்சவும் இல்லை, வடிக்கவும் இல்லை. இதில் என்ன தீங்கு?” என்பதே அவ்வினா. மணிக்கூண்டைச் சுற்றிய கடைத்தெருவில் பான் விற்கும் இடங்கள் பல. தென்னையோடு கமுகும் இத்தீவுகளின் முதன்மையான தோட்டப் பயிர்களுள் ஒன்று. நிக்கோபார்த் தீவினரும் நெடுங்காலமாகப் பாக்கு மெல்லும் வழக்கமுடையவர். ஆதலின் இவ்வினா ஒருவருடைய வினாவன்று, ஊரின் வினா. இதற்குத் தெளிவான விடை கூறுவது நம் கடமையாகும்.

முதலில், ‘இயற்கை’ என்னும் சொல்லை ஆராய்வோம். ஊமத்தை வேலியோரத்தில் தானே முளைப்பது. அதன் விதையை உண்டவனுக்கு நா வறள்கின்றது, கண்மணி விரிகின்றது, உடல் கொதிக்கின்றது, நெஞ்சு படபடக்கின்றது, இல்லாததை இருப்பதாகக் கண்டு பிதற்றுகின்றான், சிலர் உயிரும் துறக்கின்றனர். எட்டிக்கொட்டையும் மரத்தில் காய்ப்பதே. அது நரம்பை முறுக்கிக் கொல்லும் நஞ்சு. அபினி ஒரு செடியின் காயிலிருந்து வடியும் பால். கஞ்சா ஒரு செடியின் பூங்கொத்து. இளமையில் அதனைப் பழகியோருள் சிலருக்குச் சித்தப்பிரமை தோன்றுவதை மருத்துவர் கண்டிருக்கின்றனர். எனவே, மண்ணில் விளைந்தது என்பதனால் ஒரு பொருள் நல்லதாகிவிடாது. ‘இது எங்கே விளைந்தது?’ என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வியன்று. ‘இது உடலையும் உள்ளத்தையும் என் செய்கின்றது?’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அக்கேள்வியைப் பாக்கினிடம் கேட்போம். பாக்கில் அரிக்கோலின் என்னும் காரப்பொருள் உண்டு. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு அப்பொருளைப் பாக்கினின்றும் விடுவித்து, வாயின் மென்தோல் வழியே விரைந்து இரத்தத்திற் சேரும்படி செய்கின்றது. சில நிமிடங்களில் உடல் சூடேறுகின்றது, வியர்வை அரும்புகின்றது, எச்சில் ஊறுகின்றது, சோர்வு நீங்கி ஊக்கம் பிறந்தாற் போலத் தோன்றுகின்றது. முதன்முதல் மெல்பவனுக்குத் தலைசுற்றலும் உண்டு. புகையிலை, மது, காப்பி-தேநீரின் சத்து ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக உலகில் மிகுதியும் வழங்கும் கிளர்ச்சிப் பொருள் பாக்கே என்பர். ஏறத்தாழ 60 கோடி மக்கள் இதனை மெல்லுகின்றனர் என்பது கணக்கு. அன்பர்களே, வெறும் வாய்மணத்துக்காக ஒருவன் உண்டதும் உடனே பாக்கைத் தேடுவதில்லை. அது கிடையாத நாளில் அவன் எரிச்சல் கொள்கின்றான். வேலையில் கருத்துச் செல்லவில்லை. மனம் அதனையே நாடுகின்றது. இது வேட்கை. துக்கத்தின் தோற்றம் தண்ஹை என்னும் வேட்கையே எனப் பகவான் காட்டியருளினார். அதனை வேறு எங்கும் சென்று தேட வேண்டா, மடியில் முடிந்துவைத்த பாக்குப் பொட்டலத்திலேயே காணலாம்.

வேட்கையோடு நின்றால் ஒருவாறு பொறுக்கலாம். பாக்கின் சாறு நாள்தோறும் படுகின்ற கன்னத்தின் உட்புறத்தில் நார்ப்பொருள் மேன்மேலும் உண்டாகின்றது. பாக்கிலுள்ள துவர்ப்புச் சத்தும் தாமிரமும் அந்நார் கரையாதவாறு இறுக்கிவிடுகின்றன. முதலில், காரம் பட்டால் வாய் எரிகின்றது. மிளகாய் சேர்ந்த குழம்பை விலக்கும் நிலை வருகின்றது. பின்னர்க் கன்னம் வெளுத்துத் தோல்போல் விறைக்கின்றது. வாய் திறக்கும் அளவு சிறிது சிறிதாகக் குறுகி, கவளம் நுழைவதும் அரிதாகின்றது. 1952-இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இந்நோயைக் கண்டு ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவர் எழுதினார். கடல் கடந்து சென்ற நம் மக்கள் தம் மொழியையும் வழிபாட்டையும் கொண்டுசென்றது போலவே பாக்கையும் கொண்டுசென்றனர். நோயும் உடன் சென்றது. கேரளத்து எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோயினர் 66 பேரைப் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களுள் ஐவருக்கு, அதாவது நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் வீதம், வாய்ப்புற்று உண்டாயிற்று. அவ்வாராய்ச்சி 1985-இல் வெளியாயிற்று.

நம் தமிழ் நிலத்திலும் இச்செய்தி புதியதன்று. அந்நாளில் தென்திருவிதாங்கூரைச் சேர்ந்ததும், இந்நாளில் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஓர் என்பவர், வெற்றிலை போடுவோரிடையே வாய்ப்புற்று மிகுந்திருப்பதை 1933-இலேயே ‘லான்செட்’ என்னும் மருத்துவ ஏட்டில் எடுத்துரைத்தார். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைப்பது என 1985-இல் முடிவு கூறியது. “புகையிலை இல்லாவிட்டால் கேடில்லை” என்று பலர் ஆறுதல் கொண்டனர். 2004-இல் வெளியான அக்கழகத்தின் நூல் அவ்வாறுதலையும் போக்கிற்று. புகையிலை சேராத வெற்றிலைத் தாம்பூலமும், பாக்கு ஒன்றே தனித்தும், மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என்று அது வரையறுத்தது. புகையிலை நம் மூதாதையர் அறியாத பொருள்; போர்த்துகீசியர் வந்த பின்னரே நம் நாட்டிற் பரவியது. அது சேர்ந்தபோது ஒரு தீமை இரண்டாயிற்று.

“அங்ஙனமாயின், பாக்கு மெல்லுபவன் ஐந்தாம் சீலத்தை மீறியவனா?” என்று வினவக்கூடும். இதில் மிகைப்படக் கூறுதல் தகாது. பாக்கைச் சுரையென்றோ மேரயமென்றோ மரபு எண்ணியதில்லை. இலங்கையில் பிக்குகளுக்கும் வெற்றிலை அளித்து வணங்கும் வழக்கம் உண்டு. மதுவைப்போல அது அறிவை நிலைகுலையச் செய்வதுமில்லை. ஆதலின் பாக்கு மென்றவனைச் சீலம் கெட்டவன் என்று பழித்தல் முறையன்று. ஆயினும் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவான் அருளிய அறிவுரையை நினைத்துப் பாருங்கள். மதுவினால் ஆறு கேடுகள் விளையும் என்றார்: பொருள் இழப்பு, பூசல், நோய், பழி, நாணமின்மை, அறிவு மெலிதல். இவற்றுள் பூசலும் நாணமின்மையும் பாக்குக்குப் பொருந்தா. பொருள் இழப்பும் நோயும் முழுமையும் பொருந்துகின்றன. சீலத்தின் எழுத்துக்கு அப்பால் சீலத்தின் கருத்து ஒன்று உண்டு. உடலைக் கெடுத்து, வேட்கையை வளர்க்கும் ஒன்றை ‘சீலத்தில் பெயர் சொல்லவில்லை’ என்று பற்றிக்கொள்வது, வழக்கறிஞன் வாதமேயன்றி உபாசகன் வாழ்க்கையன்று.

இன்னொன்றும் உண்டு. “எங்கள் பாட்டன் மென்றான், எங்கள் பாட்டி மென்றாள், திருமணமோ, விருந்தோ, தாம்பூலமின்றி நடந்ததில்லை” என்பர். பாட்டன் செய்தான் என்பதற்காக ஒன்றைச் செய்வதாயின், நாம் இன்று பௌத்தராய் இருத்தற்கே இடமில்லை. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பியபோதும், 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களுக்கு 22 உறுதிமொழிகளை அளித்தபோதும், பழக்கம் என்னும் ஒரே காரணத்தால் நிலைத்திருந்த பலவற்றை நம் முன்னோர் கைவிட்டனர். மது அருந்தேன் என்பதும் அவ்வுறுதிகளுள் ஒன்று. ஆராய்ந்து கொள்ளுதலும் ஆராய்ந்து தள்ளுதலுமே நம்மைப் பௌத்தராக்கின. பிறப்பினால் வந்த இழிவையே ஆராய்ந்து உதறியவர்க்கு, பாக்கினால் வந்த பழக்கத்தை ஆராய்தல் அரிதாகுமா?

மயக்கந் தரும் பொருள் எல்லாவற்றையும் எந்நிலையிலும் தீண்டலாகாது என்று கொள்ளுதலும் பிழையாகும். விநயத்தில் ஒரு வரலாறு உண்டு. பிலிந்தவச்சர் என்னும் தேரருக்கு வாதநோய் கண்டது. எண்ணெயில் மதுவைச் சேர்த்துக் காய்ச்சித் தரவேண்டும் என்றனர் மருத்துவர். பகவான் அதற்கு இசைந்தார். ஆனால் சில பிக்குகள் மதுவை மிகுதியாகச் சேர்த்துப் பருகி வெறிகொண்டனர். அப்போது பகவான் ஓர் எல்லை வகுத்தார்: மதுவின் நிறமும் மணமும் சுவையும் புலப்படாத அளவிற் சேர்த்த எண்ணெயே மருந்து, அதற்கு மேற்பட்டது பருகும் மருந்தாகாது. மருத்துவன் சொன்ன நோய், மருத்துவன் சொன்ன அளவு, மயக்கத்தை நாடாத மனம் ஆகிய மூன்றும் இங்கு அமைந்திருத்தல் காண்க.

இவ்வெல்லை இன்றும் நமக்கு வழிகாட்டுகின்றது. அபினியினின்றும் எடுக்கும் மார்ஃபின், புற்றுநோயின் பொறுக்கலாற்றாத வலியைத் தணிக்கும் மருந்து. அது நோயாளிகளுக்கு எளிதிற் கிடைக்க வேண்டுமென்றே 2014-இல் போதைப்பொருட் சட்டமும் திருத்தப்பெற்றது. “சீலம் கெடும்” என்று அஞ்சி, நோயில் துடிக்கும் தாய்க்கு மருத்துவர் தரும் மார்ஃபினை மறுப்பவர் உண்டு. அன்பர்களே, அது சீலமன்று, இரக்கமின்மை. மருத்துவர் அளவிட்டுத் தருவதை அவ்வளவிலேயே கொடுங்கள். பக்கத்து வீட்டார்க்குப் பகிர்ந்தளித்தலும், தாமே அளவைக் கூட்டுதலும் மட்டும் வேண்டா.

இனி, பழக்கத்திற் சிக்கியவனை நாம் எவ்வாறு நடத்துவது? வயிற்றுப்போக்கினால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பிற பிக்குகள் கைவிட்டிருந்தனர். பகவான் ஆனந்தரோடு சென்று, தம் கையாலேயே அவரை நீராட்டிப் படுக்கையிற் கிடத்தினார். தமக்குப் பணிசெய்ய விரும்புவோன் நோயுற்றவனுக்குப் பணிசெய்க என்னும் கருத்துப்பட அன்று அருளிச்செய்தார். குடிக்கும் மகனையும், கஞ்சா பிடிக்கும் தம்பியையும், பாக்கு விடமாட்டாத கணவனையும் குற்றவாளியாகக் காண்பதைவிட நோயாளியாகக் காண்பதே அறம். நோயாளி என்று கண்டால், அவனுக்கு வேண்டியது வசை அன்று; மருத்துவம்.

அம்மருத்துவத்திற் சில செய்திகளை எல்லாரும் அறிந்திருத்தல் நலம். பல்லாண்டுகள் நாள்தோறும் மிகக் குடித்தவன் திடீரென ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கைந்நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின் அத்தகையோரை வீட்டிலடைத்து வைத்தலும், ‘இன்றோடு நிறுத்து’ எனச் சூளுறவு வாங்குதலும் தகா. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. அபினி வகையை விட்டுச் சில நாள் கழித்து மீண்டும் பழைய அளவையே எடுத்துக்கொள்பவன் மூச்சு நின்று மாள்வதுண்டு. உடல் அப்பொழுதைக்குள் பழைய தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. ஊமத்தையோ வேறு காட்டுவிதையோ உண்டவரை வாந்தியெடுக்கச் செய்ய முயன்று பொழுது போக்காமல், உண்டதன் மிச்சத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை சேர்க.

பாக்கு மெல்பவர் தம்மைத் தாமே சோதிக்கும் ஒரு வழி எளிது. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே நுழைத்துப் பார்க்க. மூன்று விரலும் நுழையாவிடின், அல்லது காரம் பட்டதும் வாய் எரியின், அல்லது வெண்படலமோ செம்படலமோ தென்படின், அல்லது ஒரு புண் மூன்று வாரமாகியும் ஆறாதிருப்பின், பல் மருத்துவரையோ காது மூக்குத் தொண்டை மருத்துவரையோ காலந்தாழ்த்தாது காண்க. ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில் ஜி. பி. பந்த் மருத்துவமனை நம் பஜாருக்கு அணித்தேயுள்ளது. இறுகிய வாயைப் பழைய நிலைக்கு முழுதும் மீட்கும் மருந்து இல்லை. வாய்ப்பயிற்சி, ஊசிமருந்து, அறுவை ஆகியன ஓரளவே உதவும். ஆனால் நிறுத்தியவனுக்கு நோய் மேலும் இறுகுவது தணிகின்றது. புற்றின் அச்சமும் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகின்றது. புகையிலை சேர்த்து மென்றவர்க்கு முதல் சில நாட்கள் கடினமாயிருக்கும். நிக்கோட்டின் ஒட்டும் பிசினும் மருத்துவர் தருவர். புகையிலை நிறுத்த உதவும் அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. வாய் எதையாவது நாடும்போது சிறிது சோம்போ ஏலக்காயோ இடுக.

ஒரே நாளில் முழுதும் விடமாட்டாதவர் மனந்தளர வேண்டா. நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில் சாதுவன் வரலாற்றை அறிவீர்கள். கணிகையாலும் சூதாலும் செல்வம் இழந்த அவன், வணிகரோடு கடலேறிக் கலம் உடைந்து, நக்கசாரணர் நாகர் வாழும் மலைப்பக்கம் கரையொதுங்கினான். மாநக்கவாரம் என்று சோழர் கல்வெட்டுக் குறிக்கும் நிக்கோபாரே அந்நாகர் நாடாகலாம் எனக் கருதுவோரும் உண்டு. ஆயின், இக்கடற்பகுதிக்கு முதன்முதல் ஐந்தாம் சீலத்தைக் கொணர்ந்தவன் ஒரு தமிழ் வணிகன் என்றே நாம் மகிழலாம். நாகர் தலைவன் அவனுக்குக் கள்ளும் ஊனும் அளிக்கப் பணித்தான். சாதுவன் ஏலாது, மயக்கும் கள்ளையும் கொலையையும் அறிவுடையோர் ஏன் ஒழித்தனர் என்று விளக்கினான். தலைவன் மனம் நெகிழ்ந்து, தம்மால் இயலும் அறம் எது எனக் கேட்டான். அனைத்தையும் இன்றே விடு என்று சாதுவன் கூறவில்லை. கலம் உடைந்து வருவோரைக் கொல்லாதே, மூப்பினால் இறந்த விலங்கையன்றிப் பிற உயிரைக் கொல்லாதே என, அவனால் ஏறக்கூடிய முதற்படியைக் காட்டினான். அறிந்தோன் அறியாதோனுக்கு அறம் உரைக்கும் முறை இதுவே. ஒருவர் முதலில் புகையிலையை விடுக. அடுத்து, உறங்கும்போது கன்னத்தில் அடக்கும் பழக்கத்தை விடுக. பின்பு வேளைகளைக் குறைக்க. முடிவில் பாக்கையே விடுக. முதற்படி ஏறியவனுக்கு மறுபடி தெரியும்.

கடைநடத்தும் அன்பர்களுக்கும் ஒரு சொல். இல்லறத்தான் செய்யலாகாத வாணிகங்கள் ஐந்தெனப் பகவான் வகுத்தவற்றுள் மயக்கப்பொருள் வாணிகமும் நச்சு வாணிகமும் உண்டு. பாக்கும் ஜர்தாவும் விற்றுக் குடும்பம் நடத்துவோர் அபர்டீன் பஜாரில் நம்மவரிலும் உளர். பிள்ளைகளின் படிப்பு அக்கல்லாப்பெட்டியை நம்பியிருக்கும்போது, நாளையே கடையை மூடுக என்று கூறுதல் எளிது, செய்தல் அரிது. இன்றே செய்யத்தக்கவை சில உள. பள்ளிப் பிள்ளைக்கு இவற்றை விற்காதிருங்கள். புதிதாகச் சரக்கு வாங்குங்கால் இவற்றைக் குறைத்து வேறு சரக்கைக் கூட்டுங்கள். காட்டில் வாழும் ஜாரவா மக்களிடம் புகையிலையும் பாக்கும் மதுவும் வெளியார் வழியாகச் சென்றிருத்தல் செய்தித்தாள்கள் பன்முறை கூறிய உண்மை. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்கள் நிலத்துள் நுழைவதையே தடுக்கின்றது. கேட்டறியாத மக்களுக்கு வேட்கையைக் கற்பித்தல் சட்டத்தின்முன் குற்றம் மட்டுமன்று, கம்மத்தின்முன்னும் பெருந்தீவினை. அவ்வழியில் செல்லும் சரக்கு நம் கடையினின்றும் சென்றதாக இருத்தல் கூடாது.

இறுதியாக, நாம் அனைவரும் சேர்ந்து தொடங்கத்தக்க ஒன்றைக் கூறி முடிப்போம். நம் வீட்டு மங்கல நிகழ்ச்சிகளிலும், பௌர்ணமிக் கூட்டங்களிலும், வருவோரை வரவேற்க வெற்றிலைத் தட்டு வைக்கின்றோம். பஞ்சசீலம் ஏற்ற வாயோடு எழுந்து வருபவர், வாயிலில் முதலில் காண்பது அத்தட்டு. அடுத்த வைசாக பௌர்ணமி முதல் அத்தட்டில் பாக்கும் புகையிலையும் நீக்கி, பூவும் பழமும் ஏலக்காயும் வைப்போம். விருந்தோம்பல் குறையாது, வந்தவர் நலத்தோடு வீடு திரும்புவர். அவ்வீட்டிலுள்ள பிள்ளை, மங்கலம் என்றால் பாக்கு என்று கல்லாமல், மங்கலம் என்றால் விழிப்பு என்று கற்கும்.

மும்மணிகளின் நிழலில் எல்லா உயிர்களும் நோயின்றி, பகையின்றி, விழிப்போடு வாழ்வனவாக!

நமோ புத்தாய.